செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஸ்பார்க் வருகிறதா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். பட்டறையில் நாலு காயிலையும் (பிளக்கில் பொறி பறக்க உயர் வோல்டேஜ் கொடுக்கிற சுருள்) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஸ்பார்க்கைப் பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். உங்களுடையது ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் உள்ள பெட்ரோல் கார் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஸ்பார்க் டெஸ்டர் என்று ஒரு சின்னச் சாமான் விற்கிறது, விலை அதிகமில்லை. பொறி தாண்டுகிற இடைவெளியைத் திருகிக் கூட்டிக் குறைக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தால் போதாதா என்பார்கள். வெளிக்காற்றில் சுலபமாகத் தாண்டுகிற பொறி, சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தத்தில் தாண்டாமல் போகலாம், அங்கே வோல்டேஜ் இன்னும் அதிகம் வேண்டும். டெஸ்டரில் இடைவெளியை அகலமாக வைத்தால்தான் காயிலுக்கு உண்மையில் பலம் இருக்கிறதா என்று தெரியும்.

முதலில் பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள். பொறி பறக்கிற இடத்தில் பெட்ரோல் ஆவி இருக்கக்கூடாது, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் கேடு. கியர் பி-யில், ஹேண்ட் பிரேக் மேலே. அப்புறம் ஒரு காயிலின் போல்ட்டைக் கழற்றி, காயிலைத் தூக்கி, டெஸ்டரை அதில் செருகி, கிளிப்பை பெயிண்ட் இல்லாத எஞ்சின் உலோகத்தில் மாட்டுங்கள். பேட்டரிப் பக்கம் வேண்டாம். இன்னொருவர் சில விநாடி மட்டும் செல்ஃப் அடிக்கட்டும். நீலமும் வெள்ளையுமாகப் படபடவென்று வந்தால் நல்ல ஸ்பார்க், மஞ்சளாக விட்டுவிட்டு வந்தால் பலவீனம். இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகிற சமாச்சாரம், எதையும் கையால் பிடிக்காதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டேயே வரக்கூடாது.

இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். என் கார் சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் புளோக்கின் பலமாடி கார் நிறுத்துமிடத்தில் இப்படித்தான் படுத்துக்கொண்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றும், பிடிக்காது. ஒரு பட்டறையில் போனிலேயே "காயில் போச்சு, நாலையும் மாத்தணும்" என்று ஆயிரம் வெள்ளிக்குக் கிட்ட கணக்குச் சொன்னார்கள். வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. என் அப்பா பேருந்துப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், டிஸ்ட்ரிபியூட்டர், பாயின்ட் வைத்து ஸ்பார்க் கொடுத்த பழைய காலத்து ஆள். "நாலும் ஒரே நாள்ல எப்படிடா சாகும்?" என்று ஒரே கேள்வி கேட்டார். அவருக்குப் பேஸ்மேக்கர் இருப்பதால் லிஃப்ட் பக்கமாக நிற்க வைத்துவிட்டு, மச்சானை சாவி திருப்பச் சொல்லி நான் டெஸ்டரை மாட்டினேன். அங்கே வெளிச்சம் குறைவு, பொறி பார்ப்பதற்கு அது நல்லதுதான். அப்பா அங்கிருந்தே "தம்பி, டக்டக்குன்னு சத்தம் கேக்குதா?" என்று குரல் கொடுத்தார். சத்தமும் இல்லை, பொறியும் இல்லை, நாலு காயிலிலும் இல்லை.

அங்கேதான் விஷயம். ஒரு காயில் போனால் எஞ்சின் உதறிக்கொண்டாவது ஓடும், காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட்டால் கோளாறும் கூடவே இடம் மாறும். நாலிலும் ஒன்றாக ஸ்பார்க் இல்லையென்றால் அவற்றுக்குப் பொதுவான இடத்தைத் தேட வேண்டும்: இக்னிஷன் ஃபியூஸ், ரிலே, இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கிற மின் பூட்டு), கிராங்க் சென்சார் (எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது). கார் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் எத்தனை சுற்று) பார்த்தோம், பூஜ்யத்திலேயே நின்றது. எஞ்சின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, அப்புறம் எப்படி அது ஸ்பார்க் கொடுக்கும்? கிராங்க் சென்சார்தான். சின் மிங்கில் வேறொரு பட்டறையில் அதை மட்டும் மாற்றினோம், அன்றைக்கே ஓடியது.

மெக்கானிக் நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நேர்மையாக வேலை செய்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கார் நிறுத்துமிடத்தில் ரிப்பேர் வேலை செய்தாயா என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், நான் செய்தது சில நிமிடச் சோதனை, ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கீழே சிந்தவில்லை.

எனக்கு உண்மையில் வலித்தது வேறு. சொந்தக்காரர்கள் யாரைக் கேட்டாலும் "பத்து வருஷ வண்டிதானே, ஸ்கிராப் பண்ணிடு" என்கிறார்கள். சிஓஇ-யை (இங்கே கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கிற பத்து வருஷ உரிமைச் சான்றிதழ்) புதுப்பிக்கக் கட்டிய பணம், அதனால் கைவிட்டுப்போன பார்ஃப் தள்ளுபடி (பத்து வருஷத்துக்குள் வண்டியைக் கழித்தால் திரும்பக் கிடைக்கிற பணம்), பத்து வருஷத்துக்கு மேல் சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை ஏறுகிற கூடுதல் வரி, இதையெல்லாம் கட்டி ஒருவன் ஒரு வண்டியை வைத்திருக்கிறான் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிற வண்டி அது. புதுசு வாங்கச் சொல்கிறவர்கள் இன்றைய சிஓஇ விலையைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். டெஸ்டர் வாங்குவதற்கு முன்னால், சாவி போடும்போது டேஷ்போர்டில் இம்மொபிலைசர் விளக்கு விடாமல் மின்னுகிறதா, செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசைகிறதா என்று பாருங்கள். எந்தக் கார், எந்த வருஷம் என்றும் எழுதுங்கள்.