மரபியல் முகாமுக்குப் போகும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் மரபியல், உயிரித் தொழில்நுட்ப முகாம்கள் குறித்து வந்த கேள்விகளில் ஏழு இங்கே.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு முடித்த மகளை ஐந்து நாள் முகாம் ஒன்றில் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். டி.என்.ஏ. பிரித்தெடுப்பு, ஜெல், பி.சி.ஆர்., கிரிஸ்பர், திசு வளர்ப்பு, பழ ஈ கலப்பு என்று அறிவிப்பில் நீளப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். இத்தனையும் நடக்குமா?

பதில்: செய்முறையாக நடக்காது. ஈயும் செடியும் முகாமின் தேதிக்குக் கட்டுப்படுவதில்லை. பழ ஈ, முட்டையிலிருந்து முழு ஈயாக 25 டிகிரி செல்சியஸில் சுமார் 10 நாள் ஆகும். பண்புகள் பிரியும் மெண்டலின் 3:1 விகிதத்தைக் கண்ணால் எண்ண இரண்டு தலைமுறை வேண்டும். அதற்கு மூன்று வாரத்துக்குக் குறையாது. கலப்புக்கு எடுக்கும் பெண் ஈயையும் அது வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஏற்கெனவே இணைசேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். ஆகவே "கலப்பை எப்போது போட்டீர்கள்?" என்று கேளுங்கள். "முன்பே போட்டு வைத்திருக்கிறோம், பிள்ளைகள் இரண்டாம் தலைமுறையை எண்ணுவார்கள்" என்று பதில் வந்தால் விஷயம் தெரிந்தவர்கள். திசு வளர்ப்பும் இதே கதைதான். ஐந்து நாளில் துளிர் வராது. பூஞ்சை வந்ததா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

இன்னும் மூன்று கேட்டு வையுங்கள். ஒரு பிப்பெட் (மிகச் சிறிய அளவுத் திரவத்தை உறிஞ்சி விடும் கருவி) தொகுதிக்கு எத்தனை பேர்? இரண்டு பேர் என்றால் சரி. நாலு பேர் என்றால் இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லின் குழியில் மாதிரியை இடுவது மாணவரா, பயிற்சியாளரா? சோதனை சொதப்பினால் மறுபடி செய்ய நேரம் உண்டா? மூன்றே சோதனையை இரண்டிரண்டு முறை செய்யவிடும் முகாமுக்குத்தான் எங்கள் ஓட்டு.

கேள்வி: பள்ளியில் 20 மாணவர்களுக்கு முகாம் நடத்தப்போகிறோம். முதல் நாளே டி.என்.ஏ.வில் இறங்கலாமா? (ஓர் உயிரியல் ஆசிரியை)

பதில்: வேண்டாம். முதல் நாள் காலை முழுக்க மைக்ரோபிப்பெட்டும் வண்ண நீரும் போதும். அதில் கை பழகாதவர்களுக்கு அடுத்த நான்கு நாளும் வீண்.

முதலில் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். மூன்று இலக்கச் சாளரம் உள்ள பிப்பெட்களில் 1-0-0 என்று நின்றால், 20 மைக்ரோலிட்டர் பிப்பெட்டில் அது 10. 200 பிப்பெட்டில் 100. 1000 பிப்பெட்டில் 1000. ஒரே எண், மூன்று அளவு. மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. உச்ச அளவைத் தாண்டி முறுக்கவும் விடாதீர்கள். உள்ளே அளவுத்திருத்தம் போய்விடும்.

அடுத்து கட்டைவிரல். முதல் தடைவரை அழுத்திக்கொண்டு, முனையை நீரில் 2, 3 மில்லிமீட்டர் மட்டும் அமிழ்த்தி, மெதுவாக விட வேண்டும். வெளியே விடும்போதுதான் இரண்டாம் தடைவரை அழுத்த வேண்டும். இரண்டாம் தடைவரை அழுத்தி உறிஞ்சினால் அளவு கூடும். விரலைச் சட்டென்று விட்டால் காற்றுக்குமிழ் புகுந்து அளவு குறையும்; சில சமயம் திரவம் பிப்பெட்டின் உடம்புக்குள்ளேயே ஏறிவிடும். திரவம் உள்ள முனையோடு பிப்பெட்டைப் படுக்கவைப்பதும் கூடாது.

பழகிவிட்டார்களா என்று பார்க்கத் தராசே போதும். 100 மைக்ரோலிட்டர் வீதம் பத்து முறை நீரை விட்டால் 1 கிராம் வர வேண்டும். 0.98 முதல் 1.02 வரை வந்தால் விட்டுவிடலாம். 0.9 வந்தால் குமிழ், 1.1 வந்தால் இரண்டாம் தடை. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

கேள்வி: முகாமில் ஸ்ட்ராபெரியிலிருந்து டி.என்.ஏ. எடுத்தோம். எங்கள் குழுவுக்கு நூல் நூலாக வந்தது; பக்கத்துக் குழுவுக்குக் கொழகொழவென்று ஏதோ மிதந்தது. ஏன்? வெள்ளையாக வந்ததெல்லாம் டி.என்.ஏ.தானா? (ஏழாம் வகுப்பு மாணவன்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. முழுக்க டி.என்.ஏ. இல்லை. அதோடு ஆர்.என்.ஏ., புரதம், பழத்தின் பெக்டின் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். ஸ்ட்ராபெரியைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அதன் செல்லில் குரோமோசோம் தொகுதி நமக்கு இருப்பதுபோல் 2 இல்லை, 8. அதனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கிடைக்கிறது.

90 மில்லி நீர், 10 மில்லி பாத்திரம் கழுவும் திரவம், 1.5 கிராம் உப்பு என்று கரைசல் செய்துகொண்டு, ஒரு பழத்துக்கு 10 மில்லி ஊற்றிப் பையில் வைத்துப் பிசைவதுதான் வழக்கமான முறை. சோப்பு செல்லின் கொழுப்புச் சவ்வைப் பிரிக்கிறது. உப்பு டி.என்.ஏ.வின் எதிர்மின்னூட்டத்தை மறைக்கிறது. அதனால் இழைகள் ஒன்றையொன்று தள்ளாமல் சேர்கின்றன.

பக்கத்துக் குழு எங்கே தவறியிருக்கும்? பிசைந்த சாற்றின் மேல் ஊற்றும் சாராயத்தை (எத்தனாலை)ச் சாய்த்து மெல்ல வழியவிடாமல் மொத்தமாகக் கொட்டியிருக்கலாம். அப்போது இரண்டு அடுக்காக நிற்காமல் கலந்துவிடும். 95 சதவீத எத்தனாலுக்குப் பதில் 70 சதவீதத்தை எடுத்திருந்தாலும் இதே கதி: பழச்சாற்றோடு சேர்ந்ததும் செறிவு பாதியாகி, டி.என்.ஏ. சரியாக வீழ்படிவதில்லை. பிசையும்போது நுரை எழுந்திருந்தால் நுரையையே டி.என்.ஏ. என்று நினைத்துவிடுவார்கள். ஒரு குச்சியால் சுற்றிப் பார். நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தால் அதில் டி.என்.ஏ. நிறைய, பிய்ந்து கூழாக விழுந்தால் பெரும்பகுதி பெக்டின்.

கேள்வி: லாம்டா டி.என்.ஏ.வை ஹிண்ட்-3 நொதியால் வெட்டினால் 8 துண்டு வரும் என்றார்கள். எங்கள் ஜெல்லில் 6 பட்டைதான். இன்னொரு குழுவின் ஜெல்லில் ஒன்றுமே இல்லை. எங்கே பிழை? (பதினோராம் வகுப்பு மாணவி)

பதில்: உன் ஜெல்லில் பிழையே இல்லை. லாம்டா என்பது பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ். அதன் டி.என்.ஏ.வின் நீளம் 48,502 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்). ஹிண்ட்-3 வெட்டும் துண்டுகள் 23,130, 9,416, 6,557, 4,361, 2,322, 2,027, 564, 125. கூட்டிப் பார், சரியாக வரும். எல்லாத் துண்டும் எண்ணிக்கையில் சமம்தான். ஆனால் சாயம் நீளத்துக்கு ஏற்றபடி ஒட்டுகிறது. 23,130 நீளத் துண்டில் ஒட்டும் சாயத்தில் நாற்பதில் ஒரு பங்குகூட 564 துண்டில் இருக்காது. 125 துண்டைப் பள்ளி ஜெல்லில் பார்ப்பது அபூர்வம்; நேரம் கூடினால் அது ஜெல்லைத் தாண்டியே ஓடிவிடும். ஆக, 6 பட்டை என்பது நேர்த்தியான விடை.

ஒன்று மட்டும் கவனி. 4,361 பட்டை மங்கலாக இருந்ததா? லாம்டாவின் இரு முனைகளும் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை கொண்டவை. ஒரு முனை 23,130 துண்டிலும் மறுமுனை 4,361 துண்டிலும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துகொண்டால் 4,361 மங்கி, மேலே புதிதாக ஒரு பெரிய துண்டு தெரியும். ஜெல்லில் இடுவதற்கு முன் 65 டிகிரியில் 5 நிமிடம் வைத்துச் சட்டென்று பனிக்கட்டியில் வைத்தால் இது தீரும்.

ஒன்றுமே தெரியாத ஜெல்லுக்கு வருவோம். முதலில் அளவுகோல் டி.என்.ஏ. (நீளம் முன்பே தெரிந்த துண்டுகள்) இட்ட வரிசையைப் பார்க்க வேண்டும். அது தெரிந்து மாதிரி மட்டும் தெரியவில்லை என்றால் கோளாறு மாதிரியில். மாதிரியை இடும்போது பிப்பெட் முனை குழியின் அடியைக் குத்தியிருந்தால், அது ஜெல்லுக்குக் கீழே வழிந்து போயிருக்கும்.

அளவுகோலும் தெரியவில்லை என்றால் ஜெல்லிலோ மின்சாரத்திலோ சாயத்திலோ தேட வேண்டும். ஒரு சதவீத ஜெல்லுக்கு 0.5 கிராம் அகரோஸ் (ஜெல்லாக உறையும் தூள்), 50 மில்லி டி.ஏ.இ. பஃபர் (மின்சாரத்தைக் கடத்தும் அயனிக் கரைசல்). இந்த 50 மில்லியைப் பஃபருக்குப் பதில் வெறும் நீராக ஊற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஜெல் அழகாக உறையும், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மின்சாரத்தைக் கடத்த அயனி இல்லாததால் டி.என்.ஏ. மட்டும் ஒழுங்காக நகராது. இதற்கு நேர்மாறானதும் உண்டு. 50 மடங்குச் செறிவுள்ள பஃபரை நீர்க்காமல் அப்படியே தொட்டியில் ஊற்றினால், மின்னோட்டம் எகிறி ஜெல் சூடாகி இளகிவிடும். 20 மில்லி பஃபருக்கு 980 மில்லி நீர் என்று புட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

அடுத்து திசை. டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் உடையது, கருப்பு முனையிலிருந்து சிவப்பு முனைக்கு ஓடும். குழிகள் கருப்புப் பக்கம் இருக்க வேண்டும். கம்பியை மாற்றிச் செருகினால் டி.என்.ஏ. பின்பக்கமாக வெளியேறிவிடும். மின்சாரம் கொடுத்து ஐந்து நிமிடத்தில் நீலச் சாயம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தாலே பிடித்துவிடலாம். மின்வாய்களின் இடைவெளிக்கு ஒரு சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் போதும். 15 சென்டிமீட்டர் என்றால் 75 வோல்ட். அவசரப்பட்டு 150 வைத்தால் நடு வரிசைகள் வேகமாகவும் ஓர வரிசைகள் மெதுவாகவும் ஓடி, பட்டைகள் வளைந்துவிடும்.

கடைசியாகச் சாயம். பள்ளி முகாமில் எத்திடியம் புரோமைடு வேண்டவே வேண்டாம். டி.என்.ஏ.வில் பிறழ்வு உண்டாக்கக்கூடியது. மெத்திலீன் நீலம் போதும். ஆனால் அது அவ்வளவு நுட்பமாகக் காட்டாது, டி.என்.ஏ.வைக் கூடுதலாக இட வேண்டும், நீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். அலச அலசத்தான் பட்டை தெரியும். பொறுமை இல்லாதவர்கள் அதற்குள் "வரவில்லை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஜெல்லி மீனின் ஒளிரும் மரபணுவை பாக்டீரியாவுக்குள் செலுத்தினோம். காலனி வந்தது, ஒளிரவில்லை. தோல்வியா? (பத்தாம் வகுப்பு மாணவர்கள் இருவர்)

பதில்: எந்தத் தட்டில் வந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. இந்தச் சோதனைக்கு நான்கு தட்டு வேண்டும். பிளாஸ்மிட் (ஒளிரும் மரபணுவையும் ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுவையும் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.) பெறாத பாக்டீரியாவைச் சாதாரண வளர்ப்பு ஊடகத்தில் பரப்பினால் தட்டு முழுக்கப் படரும். பாக்டீரியா உயிரோடிருந்தது என்பதற்கு அது சாட்சி. அதே பாக்டீரியாவை ஆம்பிசிலின் தட்டில் பரப்பினால் ஒன்றும் வளரக் கூடாது. பிளாஸ்மிட் பெற்றது ஆம்பிசிலின் தட்டில் வெள்ளைக் காலனியாக வளரும், ஒளிராது. ஆம்பிசிலினோடு அரபினோஸ் சர்க்கரையும் உள்ள தட்டில்தான் பச்சையாக ஒளிரும். அந்த மரபணுவின் விசை அரபினோஸ் இருந்தால்தான் இயங்கும்படி அமைத்திருக்கிறார்கள். நீங்கள் மூன்றாம் தட்டைப் பார்த்திருந்தால் அது வெற்றிதான். நீள்அலைப் புறஊதா விளக்கில்தானே பார்த்தீர்கள்? சாதாரண வெளிச்சத்தில் ஏமாற்றும்.

இரண்டாம் தட்டிலும் வளர்ந்திருந்தால் ஆம்பிசிலின் செயலிழந்திருக்கிறது. கொதிக்கும் ஊடகத்தில் கலந்திருப்பார்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 50 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகே கலக்க வேண்டும். மூன்றாம், நான்காம் தட்டில் காலனியே இல்லையென்றால், பிளாஸ்மிட்டை உள்ளே புகுத்தச் சட்டென்று சூடாக்கும் வெப்ப அதிர்ச்சியைச் சந்தேகியுங்கள். பனிக்கட்டியில் 10 நிமிடம், 42 டிகிரியில் 50 வினாடி, மறுபடி பனிக்கட்டியில் 2 நிமிடம். பனியிலிருந்து வெந்நீர்த் தொட்டிக்குக் குழாயை நடந்து எடுத்துப்போனால் வேகம் போய்விடும். இரண்டும் அருகருகே இருக்க வேண்டும்.

கேள்வி: முகாமில் என் மகனின் கன்னத்துச் செல்லிலிருந்து டி.என்.ஏ. எடுத்துச் சோதிக்கப்போவதாகச் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: எந்த மரபணு என்பதைப் பொறுத்தது. நோயோடு தொடர்புள்ள எதையும் பள்ளி முகாமில் சோதிக்கக் கூடாது. பி.வி.92 போன்ற இடம் என்றால் தயங்க வேண்டியதில்லை. 16-ஆம் குரோமோசோமில் உள்ள அந்த இடத்தில் சிலருக்கு ஏறத்தாழ 300 கார இணை நீளமுள்ள ஆலு என்ற டி.என்.ஏ. துண்டு செருகியிருக்கும், சிலருக்கு இருக்காது. பி.சி.ஆர். (குறிப்பிட்ட டி.என்.ஏ. துண்டைப் பெருக்கும் முறை) செய்தால், இணைக் குரோமோசோம் இரண்டிலும் அது இருப்பவருக்கு 941, இரண்டிலும் இல்லாதவருக்கு 641 கார இணைப் பட்டை, ஒன்றில் மட்டும் இருப்பவருக்கு இரண்டு பட்டையும் வரும். உடல்நலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனாலும் இரண்டு நிபந்தனை வையுங்கள். குழாயில் பெயர் கூடாது, எண் மட்டும். முடிந்ததும் மாதிரியை அழித்துவிட வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தவர் மாதிரியைக் கொண்டுவரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பி.சி.ஆரில் குட்டைத் துண்டு முந்திக்கொண்டு பெருகுவதால் 941 பட்டை மங்கி, இரண்டு பட்டையும் உள்ளவரை "இல்லாதவர்" என்று தவறாகப் படிப்பது உண்டு. அப்படி ஒரு தவறான ஜெல்லை வைத்துக் குடும்பத்துக்குள் வேண்டாத கேள்வி எழக் கூடாது.

கேள்வி: ஒளிரும் பாக்டீரியாத் தட்டை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

பதில்: கூடாது. அது ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணு உள்ள பாக்டீரியா. மூடியைத் திறக்காமல் படம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, தட்டு மூழ்கும்படி ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும்; அல்லது ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்) 121 டிகிரியில் 20 நிமிடம். இரண்டில் ஒன்று போதும். பிளீச் ஊற்றியதை ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.