ஏழு நாள் இலைச்சாறு குடித்தால் ஈரல் சுத்தமாகுமா?

கேள்வி: எனது கணவருக்கு வயது 52. நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறார். அண்மையில் செய்த ஸ்கானில் ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக வைத்தியர் கூறினார். ஏழு நாள்கள் சோற்றை விட்டுப் பச்சை இலைச்சாறு மட்டும் குடித்தால் நஞ்செல்லாம் கழிந்துவிடும், அந்நாளில் பேதிக்குக் குடித்ததைப் போன்றதுதான் இதுவும் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். செய்யலாமா?
– ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: தயவுசெய்து வேண்டாம். நீரிழிவு மாத்திரைகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டு உணவையும் நிறுத்தினால், குருதியில் சீனியின் அளவு திடீரென இறங்கி மயக்கம் வரக்கூடும். பச்சையாகப் பிழிந்த கீரைச்சாறு பலவற்றில் ஒட்சாலிக்கமிலம் செறிந்திருக்கும். அது மிகும்போது சிறுநீரகத்தில் படிந்து கேடு செய்யும். இதே அமிலம் மிகுந்த காமரங்காய், பிலிம்பிக்காய் ஆகியவற்றின் சாற்றை அளவுக்கு மிஞ்சிக் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களை நமது நாட்டு வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். பேதி மருந்தோ குடலை வெறுமையாக்குமேயன்றி ஈரலில் படிந்த கொழுப்பைத் தொடாது.

உடலுக்குள் உண்டாகும் அமோனியாவை யூரியாவாக மாற்றுவதும், உட்கொண்ட மருந்தையும் மதுவையும் நீரில் கரையக்கூடியதாக்கிச் சிறுநீர் வழியாகவோ பித்தத்தின் வழியாகவோ வெளியேறச் செய்வதும் ஈரல் இரவுபகலாகச் செய்துவரும் வேலைகள். சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடித்து, அதில் ஒன்றரை லீற்றரளவை மட்டும் சிறுநீராக விட்டு, மிகுதியை உடலுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. இவ்வளவு உழைக்கும் உறுப்புகளுக்கு நாம் செய்யக்கூடிய உதவி, அவற்றின் சுமையைக் குறைப்பதே.

உங்கள் கணவரைப் பொறுத்தவரை அந்தச் சுமையில் பெரும்பங்கு சீனியும் மாப்பொருளுமாகவே இருக்கும். தேநீரில் போடும் சீனி, மென்பானம், காலையில் பாண், மதியம் குவித்த வெள்ளைச் சோறு என்று தேவைக்கு மேல் சேர்வதையெல்லாம் ஈரல் கொழுப்பாக்கிவிடுகிறது. ஆகவே முதலில் தேநீரில் சீனியை நிறுத்துங்கள். பாணுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பூ குறைத்த குரக்கன் புட்டு அவிக்கலாம். மதியம் தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோற்றைக் சாப்பாட்டுக் கோப்பையில் அளந்து போட்டு, அதில் மிஞ்சிய இடத்தை முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், வாழைப்பொத்தி, பயற்றங்காய் ஆகியவற்றால் நிரப்புங்கள். இவற்றிலுள்ள நார், குடலுக்கு வந்த பித்த அமிலங்களில் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு மலத்துடன் வெளியேற்றுகிறது. சாறு பிழிந்து வடித்தால் நாம் எறிந்துவிடுவது இந்த நாரைத்தான் என்பதை உங்கள் உறவினரிடம் சொல்லுங்கள். உடல் நிறையில் 5 வீதம் குறைந்தாலே ஈரற் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 80 கிலோ உள்ளவருக்கு அது 4 கிலோ. சில மாதங்களில், அவசரமின்றிக் குறையட்டும்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடும் மோர்மிளகாயும் அப்பளமும் ஒரே நாளில் வேண்டாம். மது இருந்தால் முற்றாக நிறுத்த வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ‘ஈரல் சுத்தப்’ பொடிகளையும் வாங்காதீர்கள். அவற்றுட் சில ஈரலையே புண்படுத்தும். உணவை மாற்றும்போது மாத்திரையின் அளவையும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோண்டாவிலிலிருந்து எழுதியிருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமது சுண்ணக்கல் நிலத்தில் தோட்டப் பசளை மழைநீருடன் விரைவாகக் கீழிறங்குவதால், யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில், பசளையிலிருந்து வரும் நைத்திரேற்று என்னும் உப்பு, குடிநீருக்குரிய லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பைக் கடந்திருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அது நீங்காது. நீர் வற்றுவதால் இன்னும் செறியும். உங்கள் கிணற்று நீரை ஒருமுறை பரிசோதிப்பியுங்கள். வீட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை இருந்தால், முடிவு வரும்வரை அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுக்க வேண்டாம்.