டல்லாஸ் அணி லூகாவை விட்டுக்கொடுத்தது தவறா?

உப்பளம் மைதானத்தில் கூடைப்பந்து ஆட்டம் முடிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கும்போதே எங்களுக்குள் இந்தச் சண்டை ஆரம்பித்துவிடும். தவறுதான் என்பேன். 2024இல் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரில் டல்லாஸை இறுதிச் சுற்றுவரை தூக்கிச் சென்ற லூகா டான்சிச்சுக்கு, 2025 பிப்ரவரியில் வயது 25தான். அவரைக் கொடுத்து லேக்கர்ஸ் அணியிடம் வாங்கியது 31 வயது ஆன்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029இல் புது வீரரை எடுக்க ஒரே ஒரு முதல் சுற்று வாய்ப்பு. தடுப்பாட்டம்தான் கோப்பை தரும் என்றார் டல்லாஸின் அப்போதைய மேலாளர் நிக்கோ ஹாரிசன். சரி, டேவிஸ் தடுப்பில் கெட்டிக்காரர். ஆனால் டல்லாஸுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் புது வீரர்களை யார் முதலில் எடுப்பது என்ற குலுக்கலில் டல்லாஸுக்கு முதலிடம் விழுந்து இளம் வீரர் கூப்பர் ஃபிளாக் வந்தாரே என்கிறான் தம்பி. அதற்கு இருந்த வாய்ப்பு வெறும் 1.8 சதவீதம். அதை நம்பியா லூகாவைக் கொடுத்தார்கள்? நாலு அணியிடம் கேட்டிருந்தாலே இன்னும் நிறைய கிடைத்திருக்கும். எனக்கு ஆறாதது அதுதான்.