ஆடு மாடுகளை வெளியேற்றி எஸ்டேட்டைக் காடாக விட்ட அயர்லாந்துப் பிரபு யார்?

ராண்டல் பிளங்கெட், டன்சனியின் 21ஆவது பிரபு. அயர்லாந்தின் மீத் பகுதியிலுள்ள டன்சனி கோட்டைக்காரர். மாயாஜாலக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற டன்சனி பிரபு இவருடைய கொள்ளுத்தாத்தா. 2011இல் அப்பா இறந்ததும் பட்டம் இவருக்கு வந்தது. தொழில் திரைப்பட இயக்கம். கேட்பதோ டெத் மெட்டல் என்னும் காது கிழியும் ராக் இசை!

சுமார் 750 ஏக்கரில் மேய்ச்சலை அடியோடு நிறுத்தினார். கடிக்க வாய் இல்லாததால் புல் முழங்கால் உயரம் வளர்ந்து, பூத்து, விதை விட்டது. பூச்சிகள் பெருகின, பின்னாலேயே பறவைகளும் வந்தன. இப்போது மரங்கொத்தியும், கீரி போல இருக்கும் மரமேறி விலங்கான பைன் மார்ட்டனும் அங்கே உண்டு.

மீத் அருமையான மேய்ச்சல் பூமி. அதனால் நல்ல நிலத்தை வீணடிக்கிறார் என்ற ஏச்சும் கிடைத்தது. பரம்பரைச் சொத்து இருப்பவருக்குத்தான் இது கட்டுப்படியாகும் என்பதும் உண்மைதான். ஆனால் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. திருட்டு வேட்டைக்காரர்களைத் தடுக்க அவரே ரோந்து போகிறார்.