கேள்வி – பதில்: கரைக்கு வந்தவர் கற்பிக்கலாமா?

கேள்வி: சரக்குக் கப்பல்களில் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றி, சீஃப் ஆபீசராக (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) இருந்து கரைக்குத் திரும்பிவிட்டேன். கடல்சார் கல்லூரி ஒன்றில் சீமேன்ஷிப் (கயிறு, தள வேலைகள்), நேவிகேஷன் (வழிகாணல்) பாடங்களைப் பகுதி நேரமாகக் கற்பிக்க அழைக்கிறார்கள். அனுபவம் மட்டும் போதுமா?
– வாசகர், சென்னை

பதில்: போதாது. மாலுமிகளின் பயிற்சி, சான்றளிப்பு பற்றிய 1978-ஆம் ஆண்டின் எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை, கற்பிப்பவரும் மதிப்பிடுபவரும் அதற்குரிய தகுதி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. ஆகவே, கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஏற்கும் பயிற்றுநர் பயிற்சியை முடித்திருக்கிறீர்களா என்று கல்லூரி கேட்கும். ஊதியம் மணிக்கணக்கா, நாள்கணக்கா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சூரியன், விண்மீன்களையும் நேரத்தையும் கொண்டு கப்பலின் இடத்தை அறியும் வானியல் வழிகாணலைச் சூத்திரத்தில் தொடங்காதீர்கள். மாணவர்களின் கைக்கடிகாரங்களை (கைப்பேசிகளை அல்ல) ஒப்பிடச் சொல்லுங்கள். புவி மணிக்கு 15 பாகை சுழல்வதால், நான்கு நொடிப் பிழை தீர்க்கரேகையில் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பிழையாகும். நிலநடுக்கோட்டில் அது ஏறத்தாழ 1,852 மீட்டர், அதாவது ஒரு கடல் மைல். இதைக் கணக்கிட்டுப் பார்த்த மாணவன் குரோனோமீட்டர் (கப்பலின் துல்லியக் கடிகாரம்) பிழையை அலட்சியமாகக் குறிக்க மாட்டான்.

சீமேன்ஷிப்பில் கரும்பலகை அதிகம் உதவாது. போலைன் முடிச்சைக் (இறுகிப்போகாத வளைய முடிச்சு) கண்ணை மூடிக்கொண்டு போடப் பழக்குங்கள். மழை இரவில் முன்தளத்தில் விரல்களே கண்கள். அதற்கும் முன்பாக, கப்பலைத் துறையோடு பிணைத்து விறைத்து நிற்கும் கட்டுக்கயிறு அறுந்தால் எந்தப் பக்கம் சுண்டியடிக்கும் என்பதைத் தளத்திலேயே சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டி, அந்தக் கோட்டுக்குள் யாரையும் நிற்க விடாதீர்கள்.