அட்டைப் பாறையும் அசல் தோளும்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. ஞாயிறு மதியமானால் அறுபதுகளில் வந்த இத்தாலிய ஹெர்குலிஸ் படங்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அட்டைப் பாறை, பொம்மை பூதம், உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். ஜிம்முக்குப் போகும் பிளஸ் ஒன் மகனும் நானும் ஒருநாள் ரொம்பவே கேலி செய்துவிட்டோம். அதிலிருந்து இயர்போன் மாட்டிக்கொண்டு போனில் தனியாகப் பார்க்கிறார். அப்படி என்னதான் இருக்கிறது இந்தப் படங்களில்? அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, அந்தப் படங்களில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் சமாதானம் தானாக வரும். அதனால் படங்களிலிருந்தே தொடங்குகிறேன்.

1958-ல் பியெத்ரோ பிரான்சிஸ்கி 'ஹெர்குலிஸ்' எடுத்தார். நாயகன் ஸ்டீவ் ரீவ்ஸ், 1950-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் ஆன அமெரிக்க ஆணழகன். ஜோசப் லெவின் என்பவர் அதை அமெரிக்காவுக்கு வாங்கி, வாங்கிய விலையைவிடப் பல மடங்கு பணத்தை விளம்பரத்தில் கொட்டி 1959-ல் வெளியிட்டார். வசூல் அள்ளியது. அப்புறம் என்ன, அடுத்த ஆறேழு வருஷம் ரோமில் ஹெர்குலிஸ், மாசிஸ்தே, கோலியாத் என்று பலசாலிகள் வரிசைகட்டி வந்தார்கள். 'குவோ வாடிஸ்', 'பென்-ஹர்' போன்ற ஹாலிவுட் பிரம்மாண்டங்களை எடுத்ததும் அதே ஊரின் சினெசிட்டா ஸ்டுடியோவில்தான். கவசம் செய்யவும் அரண்மனை எழுப்பவும் தெரிந்த கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. பணத்துக்குத்தான் பஞ்சம்.

அந்தப் பஞ்சத்தில் பிறந்த அழகுக்கு 1961-ல் வந்த 'ஹெர்குலிஸ் இன் தி ஹாண்டட் வேர்ல்ட்' ஒன்று போதும். இயக்குநர் மரியோ பாவா, 1958 படத்தின் ஒளிப்பதிவாளர். அவர் கையில் இருந்தது சில தூண்களும் கொஞ்சம் சுவரும்தான். அவற்றையே இடம் மாற்றி மாற்றி வைத்து, சிவப்பு, நீலம், பச்சை என்று விளக்குகளைப் பாய்ச்சி, புகையைப் பரப்பி, ஒரு பாதாள லோகத்தையே கட்டிவிட்டார். கடைசியில் கல்லறைகளிலிருந்து பிணங்கள் எழுந்து பறந்து வர, ஹெர்குலிஸாக நடித்த ஆணழகன் ரெக் பார்க் பெரிய பெரிய கற்களைப் பிடுங்கி எறிவார். கல் கனமில்லாதது என்று பார்த்தவுடனே தெரியும். ஆனாலும் அந்தக் காட்சியிலிருந்து கண்ணை எடுக்க முடியாது.

ஏன் என்றால், அங்கே யாரும் நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லை. பாறை அட்டை என்று தெரிந்தும் கழுத்து நரம்பு புடைக்கத் தூக்குகிறார்கள். பூதம் பொம்மை என்று தெரிந்தும் நாயகி அடிவயிற்றிலிருந்து அலறுகிறாள். அத்தனை பொய்க்கும் நடுவே அந்தத் தோளும் முதுகும் மட்டும் அசல், பல வருஷம் இரும்பு தூக்கி வளர்த்தவை. 1959-ல் 'பாம்பேயின் கடைசி நாட்கள்' படப்பிடிப்பில் ரீவ்ஸின் தோள் நிஜமாகவே காயப்பட்டது. சிரிப்பும் பிரமிப்பும் ஒன்றாக வருவது இதனால்தான்.

உதடும் வசனமும் ஒட்டாததற்கு வேறு காரணம் உண்டு. அன்றைய இத்தாலிய சினிமாவில் குரலைப் பெரும்பாலும் பிறகுதான் சேர்ப்பார்கள். பல நாட்டு நடிகர்கள், அவரவர் பாஷை, அப்புறம் டப்பிங். பாவா படத்தின் ஆங்கிலப் பதிப்பில் வில்லன் கிறிஸ்டோபர் லீக்கே வேறொருவர் குரல்!

எல்லாமே நல்ல படங்கள் என்று சொல்ல மாட்டேன். பல படங்களில் பெண் என்றால் விஷமுள்ள ராணி, இல்லாவிட்டால் காத்துக் கிடக்கும் பேதை. இது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. அரண்மனை நடனங்களும் பாதி நேரத்தைத் தின்றுவிடும்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். நீங்கள் சிரித்தது தப்பே இல்லை, அவரும் பல தடவை சிரித்திருப்பார். "இதையெல்லாம் போய்ப் பார்க்கிறாரே" என்ற தொனிதான் அவரைக் காயப்படுத்தியிருக்கும். அதற்கு ஒரு வரி மன்னிப்பு கேளுங்கள், நீட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பெரிய திரையில் போடச் சொல்லி மூவரும் உட்காருங்கள். படத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். "ரீவ்ஸ் பிடிக்குமா, ரெக் பார்க் பிடிக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள், மனிதர் பேச ஆரம்பித்துவிடுவார்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். ஆஸ்திரியாவில் ஒரு பையன் இதே ரெக் பார்க்கைத் திரையில் பார்த்துத்தான் அவரைப் போல உடம்பை வளர்க்க வேண்டும் என்று கிளம்பினான். பெயர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர். அவருடைய முதல் படமே 1970-ல் வந்த 'ஹெர்குலிஸ் இன் நியூயார்க்'. அதையே முதலில் காட்டிவிடாதீர்கள், கொஞ்சம் சோதிக்கும். பாவாவின் படத்தைப் பார்த்து முடித்து, பையனே "அடுத்தது?" என்று கேட்டால், செர்ஜியோ லியோனே இயக்கிய 'தி கொலோசஸ் ஆஃப் ரோட்ஸ்' (1961) போடுங்கள். கௌபாய் படங்களுக்குப் போவதற்கு முன் அவர் கை பழகியது இங்கேதான். கொஞ்சம் நீளமான படம், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காருங்கள்.