மூணு பேப்பர், ஒரே எழுத்துப்பிழை

கேள்வி: எங்க ஊர்ல புது லேஅவுட் திறந்தாங்க. மறுநாள் மூணு பேப்பர்லயும் அதே வரி, 'பூங்கா'வுக்கு 'பூங்க'ன்னு அதே தப்பு. எப்படிங்க?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அந்தத் தப்புதாங்க சாட்சி! லேஅவுட்காரங்களுக்கு விளம்பரம் தேடித் தர்ற பிஆர்காரங்க (மக்கள் தொடர்பு ஆளுங்க) அனுப்புன பிரஸ் நோட்டை அப்படியே போட்டிருக்காங்க. நிருபரையும் ரொம்ப திட்ட முடியல, ஓசூருக்கும் ஊத்தங்கரைக்கும் ஒத்த ஆளா பைக்ல ஓடுறவருக்கு ரெடியா எழுதி போட்டோவோட வாட்ஸ்அப்ல வந்தா வேற என்ன பண்ணுவாரு.

இது பழைய வித்தைங்க. 1929-ல நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்துல பொண்ணுங்க சிகரெட் பத்த வெச்சாங்க, பேப்பரெல்லாம் அதை பெண் உரிமைன்னு எழுதுச்சு, ஆனா ஏற்பாடு பண்ணது சிகரெட் கம்பெனிக்கு வேலை பாத்த எட்வர்ட் பெர்னேஸ். 1990-ல இன்னும் மோசம். ஈராக் சிப்பாய்ங்க குவைத் ஆஸ்பத்திரியில குழந்தைங்களை இன்குபேட்டர்ல இருந்து தூக்கிப் போட்டாங்கன்னு 15 வயசுப் பொண்ணு அமெரிக்க எம்பிக்கள் முன்னாடி அழுதுச்சு. அது குவைத் தூதரோட பொண்ணு, பின்னாடி இருந்தது ஹில் அண்ட் நோல்ட்டன்ங்கிற பிஆர் கம்பெனின்னு வளைகுடாப் போர் முடிஞ்சப்புறம்தான் வெளிய வந்துச்சு.

அது இருக்கட்டும், உங்க லேஅவுட்டுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் இருக்கான்னு அந்த மூணு பேப்பர்ல ஒண்ணாவது எழுதுச்சா?